விதைக்கு விட்ட காய்

பந்தலின் நடுவில் தொங்கிய கடைசிச் சுரைக்காயின் காம்பில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. ரோமெல் கட்டவில்லை. காலையில் அது அங்கே இல்லை.

விதைக்கு விடும் காயில்தான் இலோகோஸ் பக்கத்து ஊர்களில் துணி கட்டுவார்கள். கட்டிய காயைத் திருடன்கூடத் தொடமாட்டான். கொடி காயும்வரை அது கொடிக்குச் சொந்தம். இந்த வீட்டில் அதைக் கட்டுவது அவன் மனைவி நெனிதாவின் வேலையாக இருந்தது. போன மழைக்காலத்தில் அவள் இறந்தாள். அவள் எடுத்துவைத்திருந்த விதைகளைத்தான் அவன் ஊன்றினான். இப்போது வெயில் ஏறிக் கொடிகள் வாடிவிட்டன. பாகல், அவரை, கத்திரி எல்லாவற்றையும் பறித்துக் கூடையில் போட்டாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான்.

துணியைத் தொட்டான். ஈரம். வாரக்கணக்கில் மழை இல்லாத தோட்டத்தில், தோண்டிய மண்ணின் வாடையோடு ஈரம். இடப்பக்கமாகச் சுற்றி நுனியை உள்ளே செருகிய முடிச்சு. நெனிதா இடக்கைக்காரி. அந்த முடிச்சு தெரிந்த இன்னொரு ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நெனிதாவின் அக்கா பாசிங்.

"என்ன தம்பி, காய் பறிக்கிறியா, அதுகிட்ட கல்யாணம் பேசுறியா? எவ்ளோ நேரமா பாத்துக்கிட்டே நிக்கிற!"

"இதைக் கட்டினது நீங்கதானே அக்கா?"

"உன் பந்தலுக்கு நான் ஏன் வரேன்? உன் கத்திரிக்காயைப் பாத்தாலே எனக்கு அழுகை வருது." சிரித்தவளின் கண் துணியில் நின்றது. சிரிப்பு போய்விட்டது. "அதை வெட்டாதே."

நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தான். சவப்பெட்டியில் நெனிதாவுக்கு மஞ்சள் கவுனை உடுத்திவிட்டவள் இவள்தான். ஓரத்தில் கொஞ்சம் கிழித்து வைத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? அடக்கம் முடிந்த அன்றே குழந்தை மாயிங்கைக் கேட்டாள். ஆம்பளை வளர்க்க முடியாது, என்கிட்ட குடு என்றாள். அவன் மறுத்தான். மாயிங்கும் போனால் அவனுக்கு இந்த வீட்டில் எழுந்திருக்கக் காரணம் இல்லை.

"சொன்னா கேளு. கட்டினதை வெட்டினா அதுக்குப் பதிலா வேற ஒண்ணை விட்டாகணும். உன் கொடியில வேற என்ன இருக்கு?"

"பயமுறுத்தி மாயிங்கைத் தூக்கிட்டுப் போலாம்னு பாக்குறீங்க. நடக்காது."

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். வரவில்லை. துணியை அறுத்தெடுத்து, பாசிங்கின் வேலைக்குச் சாட்சியாக மாமனாரிடம் காட்டலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு காம்பை வெட்டினான். பாசிங் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

கொடி சொட்டியது. வெட்டினால் சொட்டும், அவனுக்குத் தெரியும். ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும், கை கழுவும்போதும், அடுக்களையில் மீன் விழுது ஜாடியைத் திறந்து அதன் உப்பு வாடை மூக்கில் ஏறும்போதும், காய்ந்த இலைகளின்மேல் அது விழும் சத்தம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் தூளியில் மாயிங் தூங்கினாள். தூளிக்கயிறு உத்தரத்தில் உரசி முனகியது.

சுரைக்காயைப் பிளந்தான். வெள்ளைச் சதை. விதையே இல்லை. இன்னொரு துண்டு போட்டான். அதிலும் இல்லை.

வெளியே ஏதோ கிழிபட்டது. துணி கிழிபடும் சத்தம். நீளமாக, அவசரமில்லாமல்.

பாசிங். அவளாகத்தான் இருக்கும். கத்தியோடு வாசலுக்குப் போனான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பந்தலடியில் யாரும் இல்லை. வேலிக்கு அப்பால் பாசிங்கின் அடுக்களையில் பூண்டு வதங்கும் வாசனை. எண்ணெய் சடசடக்க, புருஷனை அவள் திட்டுவது தெளிவாகக் கேட்டது.

அவள் அங்கே இருந்தாள்.

சொட்டும் சத்தம் நின்றிருந்தது.

சட்டைப்பையில் கை விட்டான். துணி இல்லை. கொஞ்சம் மண் இருந்தது.

தூளிக்கயிறு முனகியது. அவன் ஆட்டிவிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

ஓடினான்.

மாயிங் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். மூச்சு சீராக இருந்தது. போர்வையை விலக்கினான். கணுக்காலில் மஞ்சள் துணி. ஈரம். இடப்பக்கமாகச் சுற்றியது. நுனி உள்ளே.

முடிச்சில் நகத்தை வைத்தான். வழுக்கியது. கத்தியைக் கொண்டுபோனான்.

கட்டினதை வெட்டினா.

கை நின்றுவிட்டது.

குழந்தை சிரித்தது. அம்மா தூக்கும்போது மட்டும் சிரிக்கும் சிரிப்பு. அவனைப் பார்த்து அல்ல. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து, கண்களைத் திறந்து.

அவன் திரும்பவில்லை. முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றான். யாரும் தொடாமல், மெல்ல, அது இறுகியது.