உம் கொட்டுபவர்

அத்தியாயத்தின் கடைசிச் சொல்லுக்குப் பிறகு, ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், யாரோ "உம்" என்றார்கள்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இன்னொரு முறை ஓடவிட்டாள். தன் குரல். வாக்கியம் முடிகிறது. நாற்காலியின் சின்ன முனகல். பிறகு அறையின் மௌனம். அந்த மௌனத்தை அவள் வேண்டுமென்றே பதிவு செய்வாள். குரல் வேலையில் இருப்பவர்களின் பழக்கம் அது: பேசி முடித்ததும் எழுந்துவிடாமல், சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்து வெறும் அறையையும் பிடித்துவைப்பார்கள். பின்னால் ஒரு இருமலையோ தடுமாற்றத்தையோ வெட்டும்போது, அந்த ஓட்டையில் ஒட்டுப்போட அதே அறையின் மௌனம்தான் பொருந்தும். அந்த மௌனத்தில்தான், கதவுப் பக்கமிருந்து வருவதுபோல, மெலிதாக, பொறுமையாக, ஒரு உம். கதை கேட்கும் பிள்ளை தான் இன்னும் தூங்கவில்லை என்று காட்டச் சொல்லுமே, அந்த உம்.

மின்தூக்கிகளிலும் தொலைபேசிக் காத்திருப்புகளிலும் ஒலிப்பது அவள் குரல். "கதவு மூடுகிறது." "தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்." ஊரில் பாதிப் பேர் தினமும் அவளைக் கேட்டார்கள், ஒருவரும் காது கொடுத்ததில்லை. குடியிருப்பில் அவளுக்கு லிஃப்ட் அக்கா என்று பெயர். கணவர் பிரிந்துபோன பிறகு, சமையலறையை ஒட்டிய சாமான் அறையின் சுவரெல்லாம் கம்பளிகளைத் தொங்கவிட்டு, தனக்கென்று ஒரு நாவலைச் சொல்ல ஆரம்பித்தாள். எழுதவில்லை, சொன்னாள். பல வருட வேலை. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. யாருக்கும் போட்டுக்காட்டியதில்லை. பதிவானதெல்லாம் நேராக ஒரு நிறுவனத்தின் இணையச் சேமிப்பான கிளவுடுக்குப் போய்விடும். இரைச்சலைத் தானாகவே நீக்கி மெருகேற்றித் தருவதாக அந்த நிறுவனம் பெருமையடித்துக்கொண்டது. அவளும் அதைத்தான் கேட்பாள். மூலப்பதிவுகள் ரெக்கார்டரின் கார்டுகளிலேயே கிடந்தன.

அன்று காலையில்தான் தம்பி தொலைபேசியில் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கணினி வேலை.

"மேகத்த நம்பி யாராவது துணி காயப்போடுவாங்களாக்கா? நாளைக்கே அவன் கடைய மூடிட்டுப் போனா உன் நாவல் எங்க போகும்?"

"பத்திரமா இருக்குன்னுதான்டா சொல்றான்."

"சொல்லாம? அத்தான்கூடத்தான் சொன்னாரு. அவன்கிட்டேர்ந்து இறக்காத, அது அவன் கழுவித் தொடச்சு வெச்சது. உன் கார்டுலேர்ந்தே எடு. ரெண்டு டிஸ்க்ல போடு. ஒண்ணு உன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. சாயந்தரம் வந்து வாங்கிக்கறேன்."

மதியத்துக்குள் நகலெடுத்து முடித்தாள். இரண்டு வட்டுகளின் விளக்குகளும் சிமிட்டி ஓய்ந்தன. அந்தத் திருப்தியில், வாழ்க்கையில் அபூர்வமாக வரும் ஒரு துணிச்சலில், கிளவுட் கணக்கையும் நிரந்தரமாக அழித்தாள். அதற்குப் பிறகுதான் நகல்களைக் கேட்டுச் சரிபார்க்க உட்கார்ந்தாள். முதல் கோப்பின் முடிவிலேயே அந்த உம். அடுத்தவர் வேலையென்றால் இந்த வரிசை ஒருநாளும் மாறியிருக்காது. சொந்தப் பொருள் என்றால் கை முந்திக்கொள்கிறது.

விடுமுறை நாள். கட்டடமே வெளியூர் போயிருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பளிகளிலிருந்து பழைய தூசும் ஈரமும் கலந்த வாடை எழுந்தது. கதவிடுக்கு வழியே வந்த வெளிச்சம் தரையில் மெல்லிய கோடாக விழுந்து மேகம் நகரும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது. அவள் அடுத்த கோப்பைத் திறந்தாள். அதிலும் உம். அடுத்ததில், நாயகி ரயிலைத் தவறவிடும் இடத்தில், ஒரு "அடடா". கிழவரின் பல்செட் தொலையும் இடத்தில் தொண்டைக்குள்ளேயே அடக்கிக்கொண்ட சிரிப்பு.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. அதை அவளால் தன்னிடம்கூட ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த இடம் சிரிப்பாக இருக்கிறதா இல்லையா என்று வருடக்கணக்காக அவளுக்குத் தெரியாமலிருந்தது.

தம்பியை அழைத்தாள்.

"நீயேதான் உம் கொட்டியிருப்பக்கா. தனியாவே இருந்தா அப்படித்தான். நான் பைக்கோட பேசறேன்."

"நான் பேசிட்டிருக்கும்போதே வருதுடா. என் குரல் மேலயே."

"அப்ப பக்கத்து வீடு. சுவருக்கும் காது இருக்குன்னு சொல்வாங்கல்ல."

"காதுதானே சொன்னாங்க. வாய் ஏது?"

அவன் சிரித்தான். "இரு, கெளம்பிட்டேன். வந்து பாக்கறேன்."

வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஆரம்பப் பதிவுகளில் அது கதவருகே இருந்தது. பிறகு அறையின் நடுவில். பிறகு நாற்காலிக்குப் பின்னால். தூரத்தைக் காதால் அளப்பது அவள் பிழைப்பு. இதில் அவள் ஏமாறமாட்டாள். கடைசிப் பதிவில் உம்முக்கு முன்பே மூச்சு வந்தது. மைக்கின் மேலேயே பட்டு, படபடவென்று வெடிக்கும் மூச்சு. மைக்குக்கும் தன் வாய்க்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிதான் விடுவாள். அந்த ஒரு சாணில்.

வெட்டியெடுத்துவிடலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. நாவலின் பிற்பாதி முழுவதும் அது அவள் சொற்களின் மேல் படர்ந்திருந்தது. அதை எடுத்தால் கதை போய்விடும். கழுவி வைத்த பிரதியை அவளே அழித்துவிட்டாள்.

வாக்கியங்களுக்கு இடையில் இருப்பவற்றையாவது மூடலாம். அதற்குச் சுத்தமான மௌனம் வேண்டும். புதிதாகப் பிடிக்க வேண்டும். இங்கேயே. இப்போதே.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் மூச்சடக்கினாள்.

குழாய் சொட்டு. தன் நாடித் துடிப்பு. வேறொன்றுமில்லை.

இடது காதில், உம்.

வலது காதில், உம். வேறு குரல் இல்லை. அதே குரல். கொஞ்சமும் மாறாத நகல்.

ஹெட்போனைக் கழற்றினாள். பின்னங்கழுத்தில் வெதுவெதுப்பாக, மூன்றாவது. கார்டு ஒன்று, வட்டுகள் இரண்டு.

"உம்?"

இது கேட்டதற்கான உம் இல்லை. மேலே சொல் என்கிற உம்.

எழ முயன்றாள். தோளில் எதுவும் படவில்லை. ஆனாலும் எழ முடியவில்லை. மூன்று மூச்சுகளும் நின்றன. கதை நின்றுபோனால் பிள்ளைகள் நிற்பார்களே, அழுகைக்கு முன்னால், அப்படி.

அவள் வாயைத் திறந்தாள். பாக்கியிருந்த அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நாயகி வீடு திரும்புகிறாள்.

"உம்."

கதவில் பூட்டு இல்லை.

"உம்."

தரையின் வெளிச்சக்கோடு மங்கிக்கொண்டே வந்தது. அவள் கதையை நீட்டினாள். இல்லாத சித்தப்பாவைக் கொண்டுவந்தாள், இல்லாத மழையைப் பெய்யவைத்தாள். முடிவு என்ற ஒன்று வந்துவிடக் கூடாது. தொண்டை வறண்டு குரல் உடைந்தது. உடைந்த இடத்திலெல்லாம் ஆறுதலாக ஒரு உம்.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. திரையில் வெளிச்சம். தம்பி. வாசலுக்கு வந்துவிட்டான்.

சொல்வதை நிறுத்தாமலேயே கையை மெல்ல நீட்டினாள். விரல் போய்ச் சேர்வதற்குள், கைபேசி ஒரு பக்கமாக எழும்பியது. தூங்கும் குழந்தையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல, அவ்வளவு பதமாக, முகம் கவிழ்ந்து படுத்தது. வெளிச்சம் போனது.