ஞானாம்பிகை அன்ரியின் இலை

“இப்ப வரவேண்டாம்” என்று யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டுக்காரர் அனுப்பிய செய்தியை நான் பார்க்கவில்லை. விமானத்தில் தூங்குவதற்காகக் கைபேசியை அணைத்தவன், இறங்கிய பிறகும் அதை எழுப்ப மறந்துபோனேன். தவறு முழுக்க என்னுடையதுதான்.

நாங்கள் இருப்பது கனடாவில், உலகமே பனியில் சறுக்கி விளையாட வருகிற ஒரு மலையூரில். நான் அங்கே சறுக்குவது வீட்டுப் படியில் மட்டும். இந்தக் குளிர்காலத்துக்குச் சூடான இடமாக ஒரு விடுதி தேடியது என் மனைவி கோபிகாவுக்காக. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவள் சாப்பாட்டையே விட்டிருந்தாள். இப்படியே போனால் தேறமாட்டாள் என்றார் மருத்துவர். நீச்சல்குளம் உள்ள விடுதிகளையெல்லாம் தள்ளிவிட்டு இந்த வீட்டை நான் பிடித்ததற்கு, தங்கிப்போனவர்கள் எழுதிய ஒரு வசனந்தான் காரணம்: “ஞானாம்பிகை அன்ரி சாப்பிடாமல் விடமாட்டா.”

மார்கழி மழை. பின்னேரமே இருட்டிவிட்டது, மின்சாரமும் இல்லை. படலை திறந்தே கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம். யாரும் வரவில்லை. முன்னறைக் கதவு சாத்தியிருந்தது.

திறந்தேன்.

உள்ளே ஒற்றை விளக்கு. ஊதுபத்தி மணம். தலைவாழை இலையில் சோறு, நண்டுக்கறி, வடை. பக்கத்தில் சீவிய இளநீர்.

“பாத்தீரே, வரவேற்பை!” வடையை எடுத்துக் கடித்தேன்.

“வையும் கஜீபன். ஆரின்ரையோ சாப்பாடு.”

“எங்கடைதான். அன்ரி விடமாட்டா எண்டு எழுதியிருந்தவையெல்லே.”

காற்று இல்லை. சுடர் மட்டும் இலைப்பக்கம் சாய்ந்தது.

கோபிகா இலையின் முன் சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள்.

நண்டு மணத்துக்கே ஓங்காளிக்கிறவள், ஒரு காலை எடுத்துப் பல்லால் உடைத்து உறிஞ்சினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடுதி பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

“உப்புக் காணாது,” என்றாள் குனிந்தபடி. “இந்த மனிசனுக்கு எத்தினை தரம் சொல்லுறது.”

குரல் அவளுடையதுதான்.

கொஞ்சம் வயதாகியிருந்தது.

வாசலில் நனைந்த குடையோடு வீட்டுக்காரர் செல்வநாயகம் நின்றார். இலையைப் பார்த்தார். கோபிகாவைப் பார்த்தார். குடை கையிலிருந்து நழுவியது. அவரை விறாந்தைக்கு இழுத்து வந்தேன்.

“மன்னிக்கோணும் ஐயா, பசியிலை... அன்ரியின்ரை சமையலே?”

“நான்தான் சமைச்சனான்.”

“அப்ப அன்ரி எங்கை?”

“மழை விடாது போலை கிடக்கு, தம்பி.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “இஞ்சாருங்கோ...”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து கோபிகா என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பெயர் சொல்லித்தான்.

“ஓம், வாறன்,” என்றார் செல்வநாயகம், தன்னையறியாமல்.

எனக்குள் இருந்த பகிடியெல்லாம் வற்றிவிட்டது. அவர் கையைப் பிடித்தேன். “ஐயா, கும்பிட்டுக் கேக்கிறன். அன்ரி எங்கை?”

அவர் முன்னறைப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார்.

“ஞானம் செத்து இண்டைக்கு எட்டாம் நாள், தம்பி. கடைசியிலை அவவுக்கு ஒரு வாயும் இறங்கேல்லை. விருப்பமானதைச் சமைச்சு வச்சு, அவ வந்து சாப்பிடட்டும் எண்டு கதவைச் சாத்திப்போட்டுப் பின்வளவுக்கை நிண்டனான்.”

உள்ளே இன்னொரு நண்டுக்கால் உடைந்தது.

நான் கதவுப்பக்கம் பாய்ந்தேன். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“விடும். சாப்பிட்டு முடிக்கட்டும். பாதியிலை எழுப்பினா, ரெண்டு பேரும் எழும்பமாட்டினம்.”