காலியாக நின்ற சராசரி

"நான் ஆலைக்கு விலைபோயிட்டேன்னு சொல்றாங்க. சாயங்காலத்துக்குள்ள வேலை போயிடும்," என்றாள் ஊமைக்கோட்டானைத் தேடி வந்த புள்ளியியல்காரி.

கணினி நிரல்களில் பிழை தேடுவது ஊமைக்கோட்டானின் தொழில். வாய் திறக்கவே நல்ல நேரம் பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவசரம் என்று பெயர் வாங்கிய அவருடைய உதவியாளரோ நரைத்த பின்னும் நிதானம் வராதவர். அதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஈயம் எவ்வளவு என்று கணக்கிடுவது அவள் எழுதிய நிரல். அதில் ஒரு சுவிட்ச் கட்டளை உண்டு. சராசரி, இடைநிலை, உச்சம் என எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதற்குரிய கணக்கைத் தேர்ந்தெடுக்கும். அக்காவின் பிரசவத்துக்கு அவள் விடுப்பில் போய்த் திரும்புவதற்குள் சராசரி பாதியாகியிருந்தது. கிணறுகள் நலம் என்றது அறிக்கை.

அவளுடைய அலுவலகத் தலைவரின் அறையில் வெள்ளைப் பலகை. தலைப்புகள் மட்டும் நிற்க, கீழே எல்லாம் துடைக்கப்பட்டிருந்தது. தலைப்பையும் அழித்தால் எழுதவேண்டியதே மறந்துவிடும் என்றார் தலைவர்.

ஆலையின் ஆள்தான் புகுந்து அளவுகளைக் குறைத்திருக்கிறான் என்று அவசரம் சத்தியம் செய்தார். ஊமைக்கோட்டான் மூன்று பெயர்களையும் கொடுத்துப் பார்த்தார். உச்சம் பழையபடியே இருந்தது. சராசரிக்கும் இடைநிலைக்கும் அச்சு மாறாமல் ஒரே எண். நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தார்.

"அளவைக் குறைச்சிருந்தா உச்சமும் இறங்கியிருக்கும்," என்றார் கடைசியில். "இங்க சராசரிங்கிற பேர் இருக்கு, கணக்கு இல்ல. காலியா விட்டா இந்த மொழி முணுமுணுக்காது. அடுத்த வீட்டுப் பதிலை எடுத்துக் குடுத்துடும். சராசரிக்குக் கீழ, அடுத்த வீடு இடைநிலை. நாலஞ்சு கிணறு விஷமானாலும், வரிசைல நடுவுல நிக்கிற கிணறு அசையாது."

"அப்போ திருடன் யாருங்க?" என்றார் அவசரம்.

"திருடன் தப்புக் கணக்கு எழுதிவெப்பான். பேரை விட்டுட்டு உள்ள மட்டும் துடைக்கிற பழக்கம் யாருக்கு?"

எல்லார் கண்ணும் பலகைக்குப் போனது.

தலைவர் மெல்ல எழுந்தார். இன்னும் நன்றாக எழுதலாமென்று அந்தச் சராசரிக் கணக்கைத் தானே அழித்ததையும், கூட்டத்துக்கு அழைப்பு வந்து மறந்ததையும் ஒப்புக்கொண்டார். "மன்னிச்சிடும்மா. உன்மேலயே பழி போட்டுட்டேன்."

அவள் கணக்கை எழுதி நிரப்பினாள். எண் மேலே பாய்ந்தது. விஷக் கிணறுகளை மூடச் சொல்லித் தலைவரே தொலைபேசியை எடுத்தார்.

வாசல்வரை வந்தவளுக்குக் கண் கலங்கியது. "எப்படி நன்றி சொல்றதுன்னே…"

"அதை மட்டும் காலியா விடலாம்மா," என்றார் ஊமைக்கோட்டான். "எனக்குப் புரியும்."