ட்ரெபிள் ஐந்தில் நிற்கட்டும்

"இந்தாளுக்குக் காது கேக்குதா இல்லியா... செவிடனாட்டம் சத்தத்த ஏத்திக்கிட்டே போறான்."

சுப்ரஜா தனக்குத்தானே முணுமுணுத்ததாகத்தான் நினைத்தாள். ஆனால் மேடையோடு பேசுவதற்கான மைக்கின் பட்டனில் அவள் விரல் இன்னும் அமுங்கியிருந்தது. அவளுடைய கோயமுத்தூர்த் தமிழ், புனே விமான் நகரின் அந்த முதல் மாடி கிளப் மேடையில் நான்கு ஸ்பீக்கர்களிலும் அட்சரம் பிசகாமல் ஒலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. வெளியே ஜூலை மழை... உள்ளே காலி நாற்காலிகள். ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு பாட்டுக் கேட்கக் கூட்டம் வந்துவிடும். அதற்குள் ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் சரிபார்த்து முடிக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. புதிதாக வந்திருந்த குழுவின் கிடார்க்காரனிடம் இந்தியில் இரண்டு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை கிடாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டாள். 'எனக்கே கேட்கவில்லை' என்று ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

இப்போது அவன் வாசிப்பதை நிறுத்தினான். மெல்லத் தலையைத் தூக்கி, ஹாலின் கோடியில் இருந்த அவளைப் பார்த்தான்.

அந்தக் கண்கள்... கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்த கண்கள். சுப்ரஜாவுக்கு முகம் சூடானது.

அவன் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னான். "மேடம்... இன்னும் செவிடு ஆகல. உங்க தமிழ் நல்லாவே கேட்டுச்சு."

ஓடிப்போய்விடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு நேராக மேடைக்கே போனாள்.

"மன்னிச்சுக்கங்க. நீங்க தமிழுன்னு தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா மராத்தில திட்டியிருப்பீங்களா?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் பெயர் ஜோஷுவா. அப்பா பாளையங்கோட்டைக்காரர். இவன் பிறந்து வளர்ந்தது புனேயில். "என் தமிழ் கொஞ்சம் கச்சா. சிரிக்கக் கூடாது" என்றான்.

"சிரிக்கலைங்க. உங்க காது எங்க இருக்குது?"

அவன் புரியாமல் காதைத் தொட்டுக் காட்டினான்.

"ஆம்ப் எதைப் பாக்குது?"

தரையில் வைத்திருந்த ஆம்ப் பெட்டி அவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது உங்க முழங்காலுக்கு வாசிக்குது. உங்களுக்குக் கேக்கறதில்ல, ஏத்தறீங்க. முன்னாடி மேஜைல உக்கார்றவங்களுக்கு நேரா காதைத் துளைக்குது." பேசிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருவருமாகப் பெட்டியைத் தூக்கி வைத்து, பின்பக்கம் சாய்த்து, அவன் முகத்தைப் பார்க்கும்படி திருப்பினார்கள். தூக்கும்போது விரல்கள் லேசாக உரசின... இருவருமே கவனிக்காததுபோல இருந்துவிட்டார்கள்.

"இப்ப வாசிங்க."

வாசித்தான். ஒரே நிமிடத்தில் அவன் கையே போய்ச் சத்தத்தை ஏழிலிருந்து மூன்றுக்கு இறக்கியது.

"அரே... எனக்கே அதிகமா இருக்கு."

"வீட்டுல தனியா வாசிக்கறப்ப கீழ் சத்தம் பேஸும் மேல் சத்தம் ட்ரெபிளும் தூக்கலா வெச்சா சொகமா இருக்கும். இங்க டிரம்ஸோட சேர்ந்தா உங்க கிடார் காணாமப் போயிரும். நடுச் சத்தம் மிட்ட ஏத்துங்க, அதுதான் கூட்டத்துல உங்களைக் காட்டிக் குடுக்கும். ட்ரெபிள் அஞ்சு போதும்."

நல்ல பிள்ளையாகத் திருகினான். ஆனால் அவள் தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் ட்ரெபிள் மட்டும் ஒன்பதுக்கு ஏறியிருந்தது. உயர்ந்த சுரங்கள் ஊசிபோலக் குத்தின.

பிடிவாதக்காரன், என்று நினைத்துக்கொண்டாள். ஏனோ கோபம் வரவில்லை.

அதற்கப்புறம் ஞாயிறுகள் சீக்கிரம் வர ஆரம்பித்தன. ஒலிச் சோதனை முடிவதற்கும் கூட்டம் வருவதற்கும் நடுவே எதிர்ப்பக்கத் தட்டுக்கடையில் கட்டிங் சாய், அதாவது அரை டம்ளர் டீ. நீலத் தார்ப்பாயில் மழை சடசடக்கும். அவன் வாரநாட்களில் ஒரு ஐ.டி. அலுவலகத்தில் உட்கார்கிறவன். 'சாயங்காலம்' என்று சொல்லத் தெரியாமல் 'ஷாம்' என்பான். அவள் திருத்துவாள். அவள் 'சித்த இருங்க' என்றால், "சித்தி எங்க இருக்காங்க?" என்று கேட்பான். டீ சிந்துமளவு சிரிப்பாள்.

ஆனாலும் அவள் காது சும்மா இருக்காது. ஒவ்வொரு வாரமும் அந்த ட்ரெபிள் ஒன்பதுக்கு ஏறியது. டீக்கடையில் எப்போதும் அவளைத் தன் வலப்பக்கம் நிற்க வைத்தான். மழைச் சத்தத்தில் அவள் மெல்லப் பேசினால் கண்களைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்தான்... முதலில் அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டாள். பிறகு ஒருநாள் பளிச்சென்று புரிந்தது. அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. முதல் நாள் தான் சொன்ன அந்த வார்த்தை...

அவனிடம் தனியாகப் பேசியிருக்க வேண்டும். அதற்குள் ஐந்தாவது ஞாயிறு வந்தது. முன்வரிசை மேஜைக்காரர்கள் இரண்டு வாரமாகப் புகார் செய்கிறார்கள், கிடார் காதைக் கிழிக்கிறது, வேறு குழுவைப் பார்க்கப்போகிறேன் என்று கிளப் மேனேஜர் மேடைக்கே வந்து கத்தினார். டிரம்ஸ் வாசிக்கும் அனீஸ்தான் குழுவை நடத்துகிறவன். அவன் முகம் வாடிவிட்டது.

சுப்ரஜா பதறிப்போய் நடுவில் புகுந்தாள். "அவர் மேல தப்பில்ல சார். உயர்ந்த சுரங்கள் அவருக்குச் சரியாக் கேக்கறதில்ல. அதனாலதான் ஏத்தறார்" என்று இந்தியில் சொல்லிவிட்டாள்.

அனீஸ் திரும்பி நண்பனைப் பார்த்தான். ஜோஷுவா யாரையும் பார்க்கவில்லை. கிடாரைக் கழற்றி, உறைக்குள் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினான். அவளைக் கடந்து போகும்போது மட்டும் நின்றான்.

"எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. தேங்க்ஸ்."

படியிறங்கி மழைக்குள் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. போனை எடுக்கவில்லை. குழு கிடார் இல்லாமலே ஒப்பேற்றியது. காப்பாற்றத்தானே நினைத்தேன், என்று அவள் தன்னிடம் நூறு தடவை சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவைகூட அது போதுமானதாக இல்லை.

திங்கட்கிழமை மாலை அனீஸிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, தான் தங்கியிருந்த விஷ்ராந்த்வாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, முக்கால்வாசி நனைந்து கோந்த்வாவில் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்தது அவன் அக்கா அமலா. ஒரு துண்டைக் கொடுத்து, "பால்கனில இருக்கான். ஒரு வாரமா யார்கிட்டயும் பேசல" என்றாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றாள்.

"எல்லார் முன்னாடியும் சொன்னது தப்புங்க. மொத நாள் சொன்னது அதவிடத் தப்பு. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

அவன் மெல்ல அவள் பக்கம் திரும்பினான். பிறகு மழையைக் காட்டினான்.

"இது உங்களுக்கு எப்படிக் கேக்குது?"

"தகரத்து மேல சடசடன்னு... இலைல விழுறது மெல்லிசா, சர்ருனு..."

"எனக்கு அந்த சர்ரு இல்ல. தம் தம்னு மட்டும்தான். ரெண்டு வருஷமா." அவன் குரல் தடுமாறியது. "மிச்சமும் போகாம இருக்க, மேடையில வாசிக்கும்போது காதுல அடைப்பான் வெச்சுக்கச் சொன்னார் டாக்டர். வெச்சா எல்லாருக்கும் தெரியும். காது போன கிடாரிஸ்ட்ட யார் கூப்பிடுவாங்க? அன்னிக்கு நீங்க திட்டினப்ப சிரிச்சேன் இல்ல... வீட்டுக்கு வந்தப்புறம் சிரிப்பு வரல."

அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்க கை வாசிக்குது. டோன் சரியா இருக்கான்னு பாக்கத்தானே நான் இருக்கறேன். என் காதை நம்புங்க."

"ஈஸியா சொல்றீங்க" என்றான் அவன். அவள் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அனீஸும் மற்றவர்களும் வந்தார்கள். பதினொன்றரை ஆனது. பத்து நிமிடம் கழித்துப் படிகளில் காலடிச் சத்தம்...

ஜோஷுவா. இரண்டு காதிலும் பளிச்சென்று ஆரஞ்சு நிற அடைப்பான்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல முடியை ஒதுக்கிவிட்டிருந்தான். நேராக அவளிடம் வந்தான்.

"மேனேஜர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லீங்களே..."

"இன்னும் ஒரு ஞாயிறு குடுங்க, சரியில்லன்னா என்னையும் வேலைய விட்டு அனுப்பிடுங்கன்னு சொன்னீங்களாம். அனீஸ் நேத்து சொன்னான்." அவன் கண்களில் சிரிப்பில்லை. வேறு என்னவோ இருந்தது. "வாங்க. நீங்களே வைங்க."

அவள் திருகினாள். சத்தம் மூன்று, மிட் ஏழு, ட்ரெபிள் ஐந்து. அவன் இரண்டு தந்தியை மீட்டிவிட்டு முகம் சுளித்தான்.

"கம்பளியப் போட்டு மூடின மாதிரி இருக்கு."

"உங்களுக்கு மட்டும் அப்படி. ஆளுங்க வந்து உக்காந்ததும் சத்தம் இன்னும் கொஞ்சம் மழுங்கும். அத நான் என் ஒலி மிக்ஸர்ல பாத்துக்கறேன். அஞ்சுலயே நிக்கட்டும்."

ஒரு மணிக்கு ஹால் நிறைந்தது. மூன்றாவது பாட்டில் அவன் தனியாக வாசிக்க வேண்டிய இடம். சுப்ரஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவன் வலது கை தந்தியை விட்டு ஆம்ப்பை நோக்கி நீண்டது... குமிழுக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது... திரும்பி வந்துவிட்டது. தனக்குச் சரியாகக் கேட்காத அந்த ஒலியை, அவளை மட்டும் நம்பி, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். முன்வரிசையில் ஒரு மராத்திக்காரப் பெரியவர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சுப்ரஜாவுக்கு மிக்ஸரின் விளக்குகளெல்லாம் கலங்கித் தெரிந்தன.

நான்கு மணிக்குக் கூட்டம் கலைந்தது. மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து நின்றான் ஜோஷுவா. அடைப்பான்களைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"எப்படி இருந்துச்சு? நிஜமா எனக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

"தெளிவா இருந்துச்சுங்க. ஒவ்வொரு சுரமும் தனித்தனியா... கடைசில மெல்ல இழுத்தீங்களே, எனக்கு அழுகையே வந்துருச்சு."

அவன் தலையாட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். மறுபடியும் முயன்றான்.

"ஒண்ணு சொல்லணும். தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு அக்காகிட்ட கேட்டேன். சிரிச்சாளே தவிர சொல்லிக் குடுக்கல. இந்தில சொல்லட்டா?"

அவள் கையிலிருந்த ஒயர் நழுவியது. "வேண்டாங்க. தப்பா இருந்தாலும் தமிழ்லயே சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து அவள் கண்களையே பார்த்தான். காது நுனி சிவந்திருந்தது.

"நீங்க... எனக்கு வேணும். ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. எல்லா நாளும்."

ஒரு பிழையும் இல்லை. திருத்துவதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. அவள் குனிந்து ஒயரை எடுப்பதுபோல முகத்தை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வீட்டுல ஒடனே ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் மெதுவாக. "எங்கப்பா ரொம்பப் பிடிவாதம்."

"நானும்தான்."

"தெரியும்." சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு நன்றாகக் கேட்கும்படி ஓரடி கிட்டே வந்து நின்றாள். "எனக்கும் நீங்க வேணுங்க, ஜோஷுவா."