ஹரிக்கேனுக்கு ஓர் ஒட்டு

இரண்டாம் உலகப் போர்க்காலம். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் மேய்ச்சல் நிலத்தில் போர்விமானம் இறங்கிவிட்டது என்று கேட்டதும், கிராமத் தலைவர் பம்ஃப்ரி முதலில் தொப்பியைத் தேடினார். அடுத்து, வரவேற்புப் பதாகையைத் தேடினார்.

"ஸ்பிட்ஃபயர் வீரரே வருக!"

பத்திரிகைகள் கொண்டாடும் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் ஒன்று என்றைக்காவது வரும் என்று போன மாதமே எழுதிவைத்தது. துணி, பத்து வயது ஹெட்டி வீட்டுப் படுக்கைவிரிப்பு. அதனால் பதாகையின் மறுமுனையைப் பிடிக்கும் பெருமை அவளுக்கு.

அங்கே போனால், முதுகு கூனிய மாதிரி ஒரு விமானம். வால் பக்கம் அதன் உடலைப் போர்த்தியிருந்த துணி கிழிந்து தொங்கியது.

"இது ஹரிக்கேன் விமானமாச்சே!" பம்ஃப்ரியின் முகம் சுருங்கியது. "பேப்பர்ல படமே வராதே இதுக்கு!"

"ஆமாங்க," என்றார் விமானி ராய். "படம் எடுக்குற நேரத்துல நாங்க மேல சண்டை போட்டுட்டு இருப்போம்."

"எட்டுப் பக்கம் பேச்சு எழுதியிருக்கேன் தம்பி. எல்லாமே ஸ்பிட்ஃபயர் பத்தி!"

"நேத்து நம்ம ஊரு மேல வந்த குண்டு விமானத்தைத் துரத்துனது இதுதான் ஐயா," என்றாள் ஹெட்டி. "நான் பார்த்தேன்."

பம்ஃப்ரிக்கு அது காதில் விழவில்லை.

விமானத் தளத்திலிருந்து மெக்கானிக் ஆல்ஃப் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பையைத் துழாவினார். தலையில் அடித்துக்கொண்டார்.

"பசை டப்பா இருக்கு. துணியை மறந்துட்டேன்!"

"கிழிசலோட பறந்தா வால் மொத்தமும் உரிஞ்சிடும்," என்றார் ராய். "அடுத்த குண்டு விமானக் கூட்டம் எப்ப வருமோ. மேல ஆளே பத்தலை."

ஹெட்டி பதாகையைப் பார்த்தாள். கெட்டியான லினன் துணி.

"இது ஒட்டுமா அண்ணா?"

ஆல்ஃப் தடவிப் பார்த்தார். "அட, அசல் சரக்கு பாப்பா!"

"பதாகையையா? விழாக் குழு கூடித் தீர்மானம் போடணும்!" என்று பதறினார் பம்ஃப்ரி.

"எங்க வீட்டு விரிப்பு ஐயா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கத்தரி நடுவில் ஓடியது. ஆல்ஃப் ஒட்டினார். பசை காயும்வரை எல்லாரும் தேநீர் குடித்தார்கள். பம்ஃப்ரி மட்டும் பேச்சின் முதல் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

சைரன் ஊதியது. ராய் ஓடி ஏறினார். ஹரிக்கேன் உறுமிக்கொண்டு மேலே எழும்பியது. வாலருகே, சற்றே கோணலாக, ஒரே ஒரு சொல்: "வீரரே".

பம்ஃப்ரியின் கையில் மிஞ்சிய துணியில் "ஸ்பிட்ஃபயர்" இருந்தது, "வருக" இருந்தது. நடுவில் பெரிய ஓட்டை.

அந்த ஓட்டை வழியாகத்தான் அவர் ஹரிக்கேன் பறந்து போவதைப் பார்த்தார்.