அந்த ரெக்கார்டில் ஒரு சிரிப்பு!

"அய்யோ... யாராச்சும் ஓடியாங்களேன்!"

கடலூர் முதுநகர். கருவாட்டு குடோனுக்கு மேலே இருந்த மாடி அறையிலிருந்து வந்தது அந்த அலறல்.

அலறியவள் பூவம்மாள். வீட்டுக்குச் சொந்தக்காரி. மாடியில் குடியிருந்த சுரேந்தருக்கு காலை டிபன் கொண்டுபோனவள்.

இட்லி தரையில் உருண்டது. சாம்பார் படியில் இறங்கி ஓடியது.

சுரேந்தர் நாற்காலியில் சாய்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. கழுத்தை இறுக்கியிருந்தது ஒரு கறுப்பு ஒயர்...!

அவனுக்கு எதிரே ரெக்கார்ட் பிளேயர் இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. இசை முடிந்து, ஊசி கடைசி வட்டத்தில் மாட்டிக்கொண்டு...

டக்... டக்... டக்...

இன்ஸ்பெக்டர் திலகவதி வந்து சேர்ந்தபோதும் அது நிற்கவில்லை.

"முதல்ல அதை நிறுத்துங்க, ராபர்ட். மண்டையில ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

சப் இன்ஸ்பெக்டர் ராபர்ட் கைக்குட்டையால் ஊசியைத் தூக்கினார். ரெக்கார்டை எட்டிப் பார்த்தார்.

"மேடம், படம் பேரு, பாடுனவங்க பேரு ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளைப் பேப்பர் ஒட்டியிருக்கு. நடுவுல நீல மையில ஒரு முத்திரை. 'உப்பனாறு'ன்னு."

"பின்னாடி ஓடுற ஆத்துப் பேரா?"

"அதேதான், மேடம்."

திலகவதி பூவம்மாளிடம் திரும்பினார்.

"இவரு என்னா வேலை பாத்தாரு?"

"டி.ஜே.ம்மா. பாண்டிச்சேரி கிளப்புல பாட்டு போடுவான். பாட்டுன்னா பாட்டு இல்ல. வாயத் தொறந்து ஒருத்தரும் பாட மாட்டாங்க. டொம்மு டொம்முன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். கீழ கூடையில கருவாடு குதிக்கும்மா!"

"விரோதி யாராச்சும்...?"

"விரோதியா? போன வாரம்தான் ஊரே அவனைக் கொண்டாடுச்சு. அவன் போட்ட ரெக்கார்டு ஜெர்மனியில பேர் வாங்கிடுச்சாம். போன்ல பேட்டியெல்லாம் வந்துச்சே!"

ராபர்ட் தன் போனில் அந்தப் பேட்டியைத் தேடிப் பிடித்தார். வெள்ளைப் பேப்பர் ஒட்டிய ரெக்கார்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான் உயிருள்ள சுரேந்தர்.

'எல்லாரும் தேடிக்கிட்டிருந்த உப்பனாறு யாரு தெரியுமா...? நான்தான்!'

"என்ன கணக்கு இது, ராபர்ட்?"

"பெர்லின்ல ஒரு கம்பெனி வெளியிடுற டெக்னோ ரெக்கார்டு, மேடம். இந்தம்மா சொன்ன டொம்மு டொம்முதான். கடையில கெடைக்காது, நெட்டுல ஏத்த மாட்டாங்க. கிளப் டி.ஜே.க்களுக்குன்னே கொஞ்சமா அச்சடிப்பாங்களாம். செஞ்சவங்க பேரைப் போடாம ரகசியமா வெளியிடுறதுதான் அவுங்க ஸ்டைலு. யாரு இந்த உப்பனாறுன்னு ரெண்டு வருஷமா ஆளாளுக்கு மண்டையை உடைச்சிருக்காங்க."

பெயர் வெளியே வந்தது போன வாரம்.

இந்த வாரம் பிணம்!

திலகவதி குனிந்து கழுத்து ஒயரைப் பார்த்தார். அதன் இரண்டு முனையிலும் ஊதா நிற டேப் சுற்றியிருந்தது.

"சவுண்ட் சர்வீஸ் ஒயர். திருவிழாவுல அடுத்தவன் ஒயரோட கலந்துடக் கூடாதுன்னு ஆளுக்கொரு கலர் டேப்பு சுத்தி வைப்பாங்க. இந்த ஊதா யாரோடது...?"

பூவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது... இளவரசு தம்பியோடதாச்சே! சிதம்பரத்துப் புள்ள. முன்னயெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பாட்டு போடுவாங்க. இதே ரூம்லதான் பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருப்பாங்க!"

ஜீப் சிதம்பரத்துக்குப் பறந்தது.

வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் 'இளவரசு ஆடியோஸ்'. உள்ளே ஒரு பெண் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்து, புகை வர ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"இளவரசு?"

"மாமா இல்லீங்களே. நான் அவுரு ஒய்ஃப், ப்ரீத்தி. சேத்தியாத்தோப்புல கல்யாணம், ஸ்பீக்கர் கட்டப் போயிருக்காரு."

"நேரா அங்க போயிட்டாரா?"

"இல்லீங்க, விடியகாலையில கடலூர் போயி, நேத்து மண்டபத்துல மாட்டுன ஒயரைக் கழட்டிக்கிட்டு, அப்படியே..."

"சுரேந்தர் செத்துட்டாரு, தெரியுமா?"

அவள் கையிலிருந்த சால்டரிங் அயர்ன் மேஜையில் விழுந்தது.

"சுரேந்தரா...? எப்படி?"

"கொலை. உங்களுக்கு ரொம்பப் பழக்கமோ?"

"அய்யோ, நான் ரெண்டு வார்த்தை பேசுனதில்ல. மாமாவோட ஃப்ரெண்டு. அவ்ளோதான்."

"உங்க மாமாவும் இந்த டெக்னோ பண்ணுவாரா?"

"பத்து வருஷமா பண்றாரு. பின்னாடி ரூம்தான் ஸ்டூடியோ. ட்ராக் முடிச்சு முடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்புவாரு. ஒருத்தரும் பதில்கூட போட மாட்டாங்க."

"சுரேந்தர் பேட்டியைப் பாத்தப்ப?"

ப்ரீத்தி தரையைப் பார்த்தாள்.

"சோறு தண்ணி இல்ல. செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. 'அவனுக்கா? அவனுக்கா?'ன்னு அதையே சொல்லிக்கிட்டு..."

திலகவதி புறப்பட்டார். வாசல் வரை வந்த ப்ரீத்தி திடீரென்று கேட்டாள்.

"மேடம்... அந்த ரெக்கார்டை மாமா கேட்டுட்டாரா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்..."

சும்மா கேட்ட முகமாக அது இல்லை!

சேத்தியாத்தோப்பு மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஏணி மேல் நின்று ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்த இளவரசு, காக்கியைப் பார்த்தான்.

குதித்தான்!

பந்திக்கு நடுவே ஓடினான். இலைகள் பறந்தன. பாயசம் எடுத்து வந்தவர் மேல் மோதி, பாயசத்தோடு சேர்ந்து வழுக்கி விழுந்தான்.

ராபர்ட் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"சாப்பிட்டுப் போயிருக்கலாமே தம்பி. எதுக்கு இவ்ளோ அவசரம்?"

மாப்பிள்ளை அறையில் அவனை உட்காரவைத்தார்கள். ஊதா டேப் சுற்றிய ஒயரைத் திலகவதி முன்னால் போட்டதும், அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான்தான் மேடம்... நான்தான் பண்ணேன்!"

"பொறாமை. அதானே?"

"இல்லேங்கல மேடம். ஒண்ணா ஆரம்பிச்சோம். அவனுக்குத் தாளமே நிக்காது. நான்தான் கத்துக் குடுத்தேன். அவன் பேரு பெர்லின் வரைக்கும் போவுது, நான் வளைகாப்புக்கு மைக் செட்டு கட்டறேன்னா... நெஞ்சு பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஆனா அதுக்காகக் கொல்லல!"

"பின்ன?"

"ஒயரைக் கழட்டிக்கிட்டு வந்தப்ப மனசைத் தேத்திக்கிட்டு, கை குடுத்துட்டு வரலாம்னுதான் அவன் ரூமுக்குப் போனேன். அந்த ரெக்கார்டை அதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல. கேக்கப் பிடிக்கல. அவன் போட்டுக் காட்டுனான்..."

"எப்படி இருந்துச்சு?"

இளவரசு கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்லாருந்துச்சு மேடம். தாங்க முடியாத அளவுக்கு நல்லாருந்துச்சு! அடியில ஒரு மீன்பிடி போட்டோட இன்ஜின் சத்தம் ஓடுது. அது மேல ஒவ்வொண்ணா ஏறிக்கிட்டே போவுது. கால் தானா ஆடுது. திடீர்னு எல்லாம் நின்னுச்சு. ஒரு பொம்பளை சிரிச்சா..."

"சிரிச்சா என்னா?"

"அது என் பொண்டாட்டி சிரிப்பு!"

"சிரிப்புல என்னய்யா அடையாளம் கண்ட?" என்றார் ராபர்ட்.

"தாழங்குடா கடற்கரையில அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சார் அவளை லவ் பண்ணேன். கல்யாணத்துக்கப்புறம் என்கிட்ட ஒரு தரம்கூட அவ அப்படி சிரிச்சதில்ல. அவன் ரெக்கார்டுல சிரிக்கிறா...! 'யார்டா இது?'ன்னு கேட்டேன். கண்ணடிச்சான் மேடம். 'வெளிய சொல்ல முடியாத ஆளு மச்சான்'னான். தோள்ல ஒயர் கெடந்துச்சு..."

சாயங்காலம். கடலூர் ஸ்டேஷன்.

ப்ரீத்தி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தாள். லாக்கப் கம்பிக்குப் பின்னால் இருந்த இளவரசு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உங்களுக்கும் சுரேந்தருக்கும் என்னா தொடர்பு?" என்றார் திலகவதி.

"ஒண்ணும் கெடையாது மேடம்."

"ரெக்கார்டுல இருக்கறது உங்க சிரிப்புதானே?"

"ஆமா. சிரிப்பு என்னோடதுதான்."

ப்ரீத்தி லேப்டாப்பைத் திறந்து மேஜை மேல் வைத்தாள்.

"ரெக்கார்டும் என்னோடதுதான்!"

ராபர்ட்டின் கையிலிருந்து டீ சிந்தியது.

ஒரு பொத்தானை அழுத்தினாள். படகு இன்ஜின் சத்தம் மட்டும் தனியாக ஓடியது.

"எங்க அப்பாவோட போட்டுச் சத்தம். தாழங்குடாவுல எடுத்தது."

இன்னொரு பொத்தான். சிரிப்பு மட்டும் தனியாக. ஸ்டேஷன் சுவரில் மோதித் திரும்பியது அந்தச் சிரிப்பு.

"உப்பனாறு நான்தான் மேடம். பெர்லின்காரங்க எனக்குப் போட்ட மெயிலெல்லாம் இதுல இருக்கு. சுரேந்தர் யாருன்னே அவுங்களுக்குத் தெரியாது. பேரில்லாத ரெக்கார்டுக்குத் தன் பேரைச் சொல்லிக்கிட்டான். அவ்ளோதான்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான் இளவரசு.

"யாரைப் பாத்துடி அப்படி சிரிச்ச?"

"யாரையும் பாத்து இல்ல மாமா. நீங்க செட்டு கட்டப் போயிருந்தீங்க. ரூம்ல நான் மட்டும்தான். அன்னிக்குத்தான் அந்த ட்ராக் சரியா வந்து உக்காந்துச்சு. சந்தோஷம் தாங்காம சிரிச்சுட்டேன். மைக்கு ஆன்ல இருந்துருக்கு... அழிக்க மனசு வரல."

"சுரேந்தர் பொய் சொன்னப்ப ஏன் வாயைத் தொறக்கல?" திலகவதி கேட்டார்.

"தொறந்தா மாமாவுக்குத் தெரிஞ்சுடுமே. ஒரு தரம், 'உங்க ட்ராக்குல இந்த இடம் கொஞ்சம் இழுக்குது மாமா'ன்னேன். ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. என் ரெக்கார்டு பேர் வாங்குதுன்னு தெரிஞ்சா என்னா ஆவாரோன்னு பயம். எவனோ பேரைத் தூக்கிக்கிட்டுப் போவட்டும், வீடு நிம்மதியா இருக்கட்டும்னு இருந்துட்டேன்..."

லேப்டாப்பை மூடினாள்.

"நான் வாயைத் தொறந்திருந்தா அவன் உசுரோட இருந்திருப்பான் மேடம்."

இல்லாத கள்ளக்காதலுக்காக, செய்யாத ரெக்கார்டுக்காக ஒரு உயிர் போய்விட்டது. இளவரசு கதறி அழப்போகிறான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அவன் அழவில்லை.

நிமிர்ந்தான். கண்ணில் அதே நெருப்பு!

"அந்த பெர்லின் அட்ரஸ் உன்கிட்ட இருந்துச்சுல்ல... என் ட்ராக்கை ஏன்டி அனுப்பல?"

திலகவதிக்கே தூக்கிவாரிப்போட்டது.

"அனுப்புனேன் மாமா. முதல்ல உங்களோடதைத்தான் அனுப்புனேன்."

"என்னா சொன்னாங்க?"

"வேணாம் மாமா..."

"சொல்லுடி!"

ப்ரீத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'ட்ராக் எங்களுக்கு வேணாம். ஆனா பின்னாடி யாரோ மேஜையில தட்டுற சத்தம் லேசா கேக்குது. அந்த ஆளு தனியா எதுனா பண்ணியிருந்தா அனுப்பச் சொல்லுங்க'ன்னாங்க."

"மேஜையில தட்டுனது யாரு...?"

"நீங்க மைக் வச்சு வேலை செஞ்சுக்கிட்டிருந்தப்ப, பக்கத்துல நான்தான் மாமா சும்மா தட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இளவரசு கம்பியில் மடேர் மடேர் என்று தலையை மோதிக்கொண்டான். இரண்டு கான்ஸ்டபிள்கள் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தார்கள்.

ராபர்ட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"மேடம், கொலைக்குக் காரணம்னு எதை எழுதறது? பொண்டாட்டி மேல சந்தேகம்னு போடவா... ஃப்ரெண்டு மேல பொறாமைன்னு போடவா?"

திலகவதி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ரெண்டும் கலந்த ரீமிக்ஸ்னு போடுங்க, ராபர்ட்!"