அண்ணன் வைத்த கைரேகை

அமாவாசை மதியம் உண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் மணிவேலின் பிரவுசிங் சென்டருக்கு வந்தபோது உள்ளே சாம்பிராணி மணந்தது. அவள் மகள் பூஜாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். காப்பீட்டு ஒப்புதலை இன்றைக்குள் எடுக்காவிட்டால் படுக்கை வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

எல்லாக் கணினியிலும் மணிவேல் முயன்றான். நேற்றுவரை எந்தப் பக்கத்தையும் திறந்து காட்டியவைதான். இன்று எல்லாத் திரையிலும் ஒரே வரி: ‘இந்தக் கருவியை நம்ப முடியாது.’

“நல்லாத்தான ஓடுது? இதுக்கு இன்னா கேடு?” என்று மேசையைக் குத்தினான்.

காப்பீட்டுக் கம்பெனிக்காரன் அங்கீகரித்த கருவியில் மட்டும்தான் இனி அவன் இணையதளம் திறக்குமாம். இல்லாதவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

“எப்படியாவது எடுத்துக் குடுங்கண்ணா” என்று உண்ணாமலை அழுதாள்.

அப்படிப்பட்ட போன் அங்கே ஒன்றுதான் இருந்தது. லாரியில் அடிபட்டுச் செத்த மணிவேலின் அண்ணன் மாறனுடையது. அவன் கைரேகைக்கு மட்டுமே திறக்கும். பின்னறையில் அவனுக்குத்தான் அன்று படையல். வாழையிலை ஓரமாக மணிவேல் போனை வைத்தான்.

“அண்ணா, சாப்ட வர்றப்ப இதுல ஒருவாட்டி கை வெச்சிட்டுப் போ. கொழந்த உசுரு.”

மடையன்! லாரி அண்ணனின் இரண்டு கைகளையும் நசுக்கிக் கூழாக்கியதை எப்படி மறந்தான்?

செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றார்கள்.

உள்ளே சோறு மெல்லும் சத்தம்.

பிறகு அதுவும் நின்றது.

“மணி... கை இல்லடா.”

கதவு தானாகத் திறந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மணிவேலை முடியைப் பிடித்து உள்ளே இழுத்தது. தலை சுவரில் மோதியது. மறுபடியும் மோதியது. அவன் கட்டைவிரல் கரும்புபோல் முறிந்து, பிய்ந்து, போன்மேல் அழுந்தியது.

‘பொருந்தவில்லை.’

அடுத்த விரல்.

‘பொருந்தவில்லை.’

அவன் அலறல் அடங்கிய பிறகும் முறியும் சத்தம் கேட்டது. கடைசி விரலின் நுனியில் அண்ணனின் ரேகை எழும்பியது; போன் திறந்தது. பிரிண்டர் தானாக ஓடியது.

உண்ணாமலை அவனைத் தாண்டிப் போய், ரத்தம் சொட்டும் ஒப்புதல் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மூன்றாம் நாள் நர்ஸ் கணினியைத் திருப்பிக் காட்டினாள். “மறுபடியும் வெரிஃபை பண்ணச் சொல்லுதும்மா. பாப்பா கைரேகை வேணுமாம்.”

உண்ணாமலை பாய்ந்து போய்ப் போர்வைக்குள் கைவிட்டு, மகளின் விரல்களை இறுகப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே வேறெதுவோ அவள் பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தது.